தவக்காலத்தில் ஒன்றை விடுகிறோமே, உண்மையில் யாருக்காக?

அத்திமரம்

எல்லோருக்கும் வணக்கம். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தைத் தொடங்கும் திருநீற்றுப் புதன் நெருங்கிவிட்டது. எங்கள் செபக் குழுவில் இந்தத் தவக்காலத்தில் எதை விடப்போகிறோம் என்று வரிசையாகச் சொன்னோம். ஒருவர் இனிப்பு, ஒருவர் சீரியல், ஒருவர் அசைவம், ஒருவர் இன்ஸ்டாகிராம். ஏன் விடுகிறோம் என்று மட்டும் யாரும் யாரையும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து விவிலியத்தில் செக்கரியா ஏழாம் அதிகாரத்தை எடுத்தேன். எருசலேம் வீழ்ந்த துயரத்தில் எழுபது ஆண்டுகளாக நோன்பிருந்தவர்கள், இனியும் அதைத் தொடர வேண்டுமா என்று ஆள் அனுப்பிக் கேட்கிறார்கள். ஆம், இல்லை என்று பதில் வரவில்லை. இத்தனை ஆண்டுகளும் நீங்கள் நோன்பிருந்தது எனக்காகத்தானா என்று ஆண்டவர் திருப்பிக் கேட்கிறார். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் கேள்வியைத்தான் இங்கே வைக்கிறேன். எதை விடுகிறீர்கள் என்பது இருக்கட்டும். உங்களை அதற்குத் தள்ளுவது எது? எடை குறைய வேண்டும் என்பதும் காரணம்தான், வீட்டில் எல்லோரும் நோன்பு இருக்கிறார்கள் என்பதும் காரணம்தான். மறைக்கல்வி வகுப்பில் சொல்லும் பதில் எனக்கும் தெரியும், அதற்கு அடியில் இருப்பதைச் சொல்லுங்கள். நான் இனிப்பை விட நினைத்திருக்கிறேன். பாதிக் காரணம் ரத்தச் சர்க்கரை அறிக்கை. மீதிப் பாதி என்னவென்று எனக்கே தெளிவில்லை.

கோதுமைமணி

எனக்கு செல்போன். இரவு எட்டு மணிக்கு மேல் தொடுவதில்லை. ஆன்மிகக் காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. என் மகள் பேச வரும்போதெல்லாம் "ஒரு நிமிஷம்மா" என்கிறேன், அந்த நிமிஷம் முடிவதே இல்லை. சும்மா விடலாம் என்றால் முடியவில்லை. தவக்காலம் என்றால் முடிகிறது. ஏன் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

நெடுவழி

கோதுமைமணி, கூட ஆட்கள் இருப்பதால் முடிகிறது என்று நினைக்கிறேன். தனியாக எடுத்த முடிவை தனியாகவே கலைத்துவிடலாம். உலகெங்கும் ஒரே நாளில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு தொடங்கும்போது அது அவ்வளவு சுலபமில்லை.

நான் பல ஆண்டுகள் மறைக்கல்வி நடத்தியவன், அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில், ஞாயிறு தவிர தவக்காலத்தின் எல்லா நாளும் ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு. அப்போது "ஏன்" என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. சட்டம் சொன்னது, செய்தோம். 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை வெகுவாகத் தளர்த்தினார். இன்றைய சட்டப்படி ஒருசந்தி இரண்டே நாள், திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். அதுவும் 18 வயது நிரம்பியவர்கள் 59 வயது நிரம்பும்வரை. சுத்தபோசனம், அதாவது இறைச்சியை விடுவது, 14 வயதிலிருந்து. இனிப்பு, சீரியல், செல்போன் எதைப் பற்றியும் சட்டம் பேசவில்லை.

இதைப் பலர் வசதியாகப் போயிற்று என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டம் சுமந்த பாரத்தை நம் தோளுக்கு மாற்றியிருக்கிறார்கள். எதை விடுவது, எதற்காக விடுவது என்பதை இப்போது நாமே ஆண்டவர் முன்னால் முடிவு செய்ய வேண்டும். அதனால் அத்திமரம் கேட்டிருப்பது சின்னக் கேள்வி இல்லை. காரணம் கலந்திருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முழுக்கத் தூய்மையான நோக்கத்தோடு தொடங்கிய ஒருவரை இந்த வயதுவரை நான் சந்தித்ததில்லை. கலந்திருப்பது தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

விளக்குத்தண்டு

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் சபையில் லெந்து நாட்கள், நீங்கள் சொல்லும் தவக்காலம், கிடையாது. போஜனத்தைக் குறித்தும் பண்டிகை நாளைக் குறித்தும் ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக என்ற கொலோசெயர் 2ஐக் கேட்டு வளர்ந்தவன். 1522இல் சூரிச் நகரத்தில் அச்சகம் நடத்திய ஃப்ரோஷவர் வீட்டில், லெந்து நாளில் இறைச்சி சாப்பிட்ட விஷயம் பெரிய வழக்கானது. சீர்திருத்தப் பிரசங்கியார் ஸ்விங்லி அங்கே இருந்தார், அவர் சாப்பிடவில்லை. ஆனால் சாப்பிட்டவர்களுக்காகப் பிரசங்கம் பண்ணினார். உபவாசம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. விருப்பமிருந்தால் இரு, ஒருவன்மேல் கட்டளையாகச் சுமத்தாதே என்றார். என் விசுவாசமும் அதுதான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்று சொல்கிறேன். என் மனைவி கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணமான முதல் வருஷம் லெந்து நாட்களில் அவள் எனக்குத் தனியாகக் கறி சமைத்துவிட்டு, தான் வேறு சாப்பிட்டாள். வாசனை பட்டுக்கொண்டே அடுப்பருகில் நின்றாள். அடுத்த வருஷத்திலிருந்து நானும் அந்த நாட்களில் இறைச்சி சாப்பிடுவதில்லை. லெந்து என்பதற்காக இல்லை. அவளுக்காக. "யாருக்காக" என்று கேட்டீர்கள், என் பதில் இவ்வளவுதான்.

அத்திமரம்

விளக்குத்தண்டு அண்ணா, இந்த இழையில் இதுவரை வந்ததில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. லெந்து என்பதற்காக இல்லை என்கிறீர்கள். எனக்கென்னவோ நீங்கள் எங்களில் பலரைவிட நன்றாகத் தவக்காலம் அனுசரிக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

மண்பாண்டம்

படித்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்தேன். "எடை குறைய வேண்டும் என்பதும் காரணம்தான்" என்ற வரியைப் பார்த்த பிறகு போக முடியவில்லை. அத்திமரம், உங்கள்மேல் கோபமில்லை. உங்களுக்கு மருத்துவ அறிக்கை இருக்கிறது, அது வேறு. இதைப் படிக்கும் வேறு யாருக்காகவோ எழுதுகிறேன்.

எனக்கு உணவுக் கோளாறு இருந்தது. அந்த ஆண்டுகளில் தவக்காலம்தான் எனக்கு மிகப் பிடித்த காலம். மற்ற நாட்களில் சாப்பிடாமல் இருந்தால் அம்மா கேட்பார். தவக்காலத்தில் யாரும் கேட்க மாட்டார்கள், பாராட்டுவார்கள். "இந்த வயசில் என்ன பக்தி பாரு." நான் ஆண்டவரை நினைத்ததே இல்லை. கண்ணாடியைத்தான் நினைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

சிகிச்சைக்குப் போன பிறகு டாக்டர் நோன்பே கூடாது என்றார். எங்கள் பங்குத்தந்தையிடம் போய் அழுதேன். நோயாளியை நோன்பு கட்டுப்படுத்தாது, உனக்கு இந்தக் காலத்தில் மூன்று வேளையும் சாப்பிடுவதுதான் ஒறுத்தல் என்றார். அதைவிடக் கடினமான ஒன்றை என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. இப்போது தவக்காலம் வந்தால் நான் விடுவது எடை பார்க்கும் மெஷினை. அதை அக்கா வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை தவக்காலத்தில் அளவுக்கு மீறி ஆர்வமாகச் சாப்பாட்டை விட்டால், தயவுசெய்து பாராட்டுவதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

கோதுமைமணி

மண்பாண்டம், இதை எழுதியதற்கு நன்றி. என் பெரிய மகளுக்கு 15 வயது. இன்று ராத்திரி பேசுகிறேன்.

ஆழ்கிணறு

எனக்கு இந்த இழையிலேயே ஒரு நெருடல். எல்லோரும் எதை விடுகிறோம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். திருநீற்றுப் புதனன்று திருப்பலியில் வாசிக்கிற நற்செய்தி என்ன? மத்தேயு 6. நோன்பிருக்கும்போது தலைக்கு எண்ணெய் தேய், முகத்தைக் கழுவு, மறைவாய் இருக்கிற தந்தைக்கு மட்டும் தெரியட்டும். அதைக் கேட்டுவிட்டு நெற்றியில் சாம்பலோடு வெளியே வருகிறோம், வந்ததும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம்.

என் காரணத்தை இங்கே பெயரில்லாமல் இருப்பதால் சொல்கிறேன். என் தம்பி இறந்த பிறகு வந்த தவக்காலத்தில் பாடுவதை விட்டேன். பாடகர் குழுவில் இருந்தவள் நான். எல்லோரும் பெரிய தியாகம் என்றார்கள். உண்மையில் எனக்குக் குரலே எழும்பவில்லை. ஏற்கெனவே போய்விட்ட ஒன்றை விட்டதாகச் சொல்லிக்கொண்டேனா என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன்.

நெடுவழி

ஆழ்கிணறு, இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களிடமிருந்து பறிபோனதை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு "ஏன் எடுத்தாய்" என்று சண்டை போட்டிருக்கலாம். அதற்கும் விவிலியத்தில் இடமுண்டு, யோபு அதைத்தான் செய்தார். நீங்கள் அந்த வெறுமையையே கொண்டுபோய்ப் பீடத்தின் முன் வைத்தீர்கள். அதைத் தியாகம் என்று சொல்வதா வேண்டாமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பொய் அல்ல என்று மட்டும் சொல்வேன்.

இப்போது மத்தேயு 6. நான் இதை வெகுநாள் யோசித்திருக்கிறேன். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தன் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குமுறையில் 49ஆம் அதிகாரம் தவக்காலத்தைப் பற்றியது. ஒவ்வொருவரும் உணவிலோ பானத்திலோ தூக்கத்திலோ பேச்சிலோ கொஞ்சம் குறைத்துக்கொண்டு, ஆவிக்குரிய ஏக்கத்தின் மகிழ்ச்சியோடு பாஸ்காவை எதிர்பார்க்க வேண்டும் என்கிறார். தானாக முன்வந்து, மகிழ்ச்சியோடு. ஆனால் உடனே இன்னொன்று சொல்கிறார்: எதை ஒப்புக்கொடுக்கப் போகிறாய் என்பதை உன் ஆதீனத் தலைவரிடம் சொல், அவர் சம்மதத்தோடு செய். சொல்லாமல் செய்தால் அது அகந்தைக்கும் வீண் பெருமைக்கும் கணக்காகும் என்கிறார்.

மறைவாகச் செய் என்கிறது நற்செய்தி, சொல்லிவிட்டுச் செய் என்கிறார் பெனடிக்ட். இரண்டும் மோதவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். நற்செய்தி தடுப்பது கைதட்டுகிறவர்களிடம் சொல்வதை. பெனடிக்ட் கேட்பது, "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய ஒருவரிடம் சொல்வதை. மண்பாண்டத்தின் கதையைப் பாருங்கள். ஊரே பார்த்துப் பாராட்டியது, ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பங்குத்தந்தையிடம் சொன்ன அன்றுதான் அவருக்கு உண்மையான தவக்காலம் தொடங்கியது. எவருக்கும் தெரியாத ஒறுத்தலில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள இடமிருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த ஒறுத்தலில் மற்றவர்களை ஏமாற்ற இடமிருக்கிறது. ஒருவருக்குத் தெரியட்டும். அந்த ஒருவர் நம்மைக் கண்டு வியக்காதவராக இருக்கட்டும். எனக்கு அந்த ஒருவர் என் மனைவி. என் பட்டியலில் பாதியை அடித்துவிடுவாள். "இதெல்லாம் வேண்டாம், காலையில் எரிந்து விழாமல் இருங்கள், போதும்" என்பாள். அது அவள் அடித்துவிட்ட பாதியைவிடக் கடினம்.

உப்புக்கல்

நான் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன், அதனால் எனக்கு நோக்கத்தைப் பற்றிய பேச்சைவிட, மிச்சம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. ஹெர்மாஸின் மேய்ப்பர் என்ற இரண்டாம் நூற்றாண்டு நூலில் நோன்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஓர் இடம் வரும். அன்று ரொட்டியும் தண்ணீரும் போதும். சாப்பிட்டிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்குப் போட்டு, அதை ஒரு கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ கொடு. ஐந்தாம் நூற்றாண்டில் திருத்தந்தை பெரிய லியோவின் தவக்கால மறையுரைகளிலும் இதே பேச்சுத்தான், நோன்பில் மிஞ்சுவது ஏழையிடம் போக வேண்டும். எசாயா 58 இருவருக்கும் முந்தியது: பசித்தவனோடு உன் உணவைப் பகிர்வதல்லவா நான் விரும்பும் நோன்பு.

என் வழி இதுதான். விட்டதன் விலையை அன்றன்றைக்கே தனியாக எடுத்து வைப்பேன். மாதக் கடைசியில் மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் அது என் பணமாகவே இருந்துவிடும். மனசு சுத்தமா என்று நாள்முழுக்கக் கிண்டிப் பார்ப்பதைவிட, என்னால் இன்று யாராவது சாப்பிட்டார்களா என்று கேட்பது எனக்கு எளிது. பதில் ஆம் அல்லது இல்லை.

ஆழ்கிணறு

உப்புக்கல் சார், ஒரு சந்தேகம். அப்போது அந்த ஏழை என் புண்ணியத்துக்கு ஒரு கருவியாகிவிட மாட்டாரா?

உப்புக்கல்

ஆகலாம். முகம் தெரியாமல் கொடுத்தால் ஆகிவிடும் என்றே நினைக்கிறேன். அதனால் ஒரு குடும்பத்தை மட்டும் தெரிந்துகொண்டு அவர்களோடுதான். இரண்டு வருஷமாக உயிர்ப்பு ஞாயிறு அன்று ஒன்றாகச் சாப்பிடுகிறோம். சில நேரம் அவர்கள் வீட்டில்.

விளக்குத்தண்டு

பேரம் பேசுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயம். நான் இதை விடுகிறேன், நீர் எனக்கு அதைத் தாரும் என்று நாற்பது நாளும் கர்த்தரிடம் வியாபாரம் பண்ணுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பரீட்சை, வேலை, விசா. கிருபை விலைக்கு வராது. கொடுத்ததற்குக் கூலியாக வந்தால் அது கிருபையே அல்ல.

தளிர்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். விளக்குத்தண்டு அண்ணா எழுதியதைப் பார்த்ததும் எழுத வேண்டும்போல் இருந்தது. என் மகனுக்கு உடம்பு சரியில்லை. ஆறு வயசு. ஆஸ்பத்திரியிலிருந்துதான் டைப் பண்றேன். திருநீற்றுப் புதனிலிருந்து நான் அசைவம் சாப்பிடுவதில்லை, சாயந்திரம் வரைக்கும் எதுவும் சாப்பிடுவதில்லை. அவன் சரியாகணும், அது ஒன்றுதான் காரணம், வேறெதுவும் இல்லை. இது வியாபாரமா? வியாபாரம் என்றால் ஆண்டவர் கேட்க மாட்டாரா?

விளக்குத்தண்டு

தங்கச்சி, அது உங்களைக் குறித்து இல்லை. விசா என்று எழுதும்போது ஆஸ்பத்திரியில் ஒரு தாய் இதைப் படிப்பாள் என்று நினைக்கவில்லை. கானானிய ஸ்திரீ மகளுக்காகப் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாள். சீஷர்கள் அனுப்பிவிடும் என்றார்கள். இயேசு அவள் விசுவாசத்தைப் பெரிது என்றார். உங்கள் அழுகையை யாரும் வியாபாரம் என்று சொல்ல முடியாது, நான் சொல்லவே மாட்டேன்.

நெடுவழி

அம்மா தளிர், கேட்க மாட்டாரா என்று பயப்படாதீர்கள். நீங்கள் சாப்பிட்டால் கேட்காமல் போய்விடும் கடவுளும் அல்ல, சாப்பிடாததால் கடன்பட்டுப் போகும் கடவுளும் அல்ல.

முதல் சாமுவேல் தொடக்கத்தில் வரும் அன்னாவை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையில்லாத துக்கத்தில் அவளும் சாப்பிடவில்லை, அழுதாள், ஆலயத்தில் நேர்ந்துகொண்டாள். அவள் உதடு அசைவதைப் பார்த்துக் குரு ஏலி குடித்திருக்கிறாள் என்றுகூட நினைத்தார். அவள் மனதைக் கொட்டிச் சொன்ன பிறகு, "அமைதியோடு போ" என்றார். அதற்கடுத்த வரி எனக்கு மிகவும் முக்கியம். அவள் போய்ச் சாப்பிட்டாள், அதன்பின் அவள் முகம் வாடியிருக்கவில்லை. அப்போது பிள்ளை பிறக்கவில்லை, கருவுறக்கூட இல்லை. அவள் சாப்பிட்டது கேட்டது கிடைத்ததால் அல்ல. பாரத்தை இறக்கி வைத்ததால் சாப்பிட்டாள்.

நீங்கள் கேட்டது ஆண்டவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி தினமும் பட்டினி கிடந்து அதைப் புதுப்பிக்க வேண்டியதில்லை.

மண்பாண்டம்

தளிர் அக்கா, மகனோடு இராத் தூக்கம் இல்லாமல் இருப்பீர்கள். அதோடு சாயந்திரம் வரை வெறும் வயிறு என்றால் நீங்கள் விழுந்துவிடுவீர்கள். அப்புறம் அவனை யார் பார்ப்பார்கள்? இதை பக்தியில்லாமல் சொல்லவில்லை.

தளிர்

அவன் சாப்பிட மாட்டேங்கிறான். "நீயும் சாப்பிடலையேம்மா"ங்கிறான். நேற்றுதான் சொன்னான். ஆனால் நேர்ந்துகொண்டதை நடுவில் விட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று கை நடுங்குகிறது.

நெடுவழி

அவன் சொன்னதை ஆண்டவர் உங்களுக்குச் சொல்லியனுப்பியதாக எடுத்துக்கொள்ளுங்கள். பாலைவனத் துறவிகளைப் பற்றி யோவான் கசியான் எழுதியதில் ஒரு முதியவர் வருகிறார். விருந்தாளி வந்ததும் நோன்பைக் கலைத்து அவரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஏன் என்று கேட்டதற்கு, நோன்பு எப்போதும் என்னோடு இருக்கிறது, உங்களை எப்போதும் என்னோடு வைத்திருக்க முடியாதே என்கிறார். வந்த விருந்தாளிக்கே அப்படியென்றால் பெற்ற பிள்ளைக்கு?

பயம் தானாகப் போகாது, அதனால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் பங்குத்தந்தைக்கு இப்போதே போன் போடுங்கள். தவ நாள்களின் கடமையிலிருந்து விலக்கு அளிக்கவும் அதை வேறொரு நற்செயலாக மாற்றித் தரவும் பங்குத்தந்தைக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது, 1245ஆம் விதி. உங்கள் நேர்ச்சை வெறும் மனத்துக்குள் சொன்னதா, முறையான வாக்குறுதியா என்பதையும் அவரே கேட்டு உங்களைச் சமாதானப்படுத்துவார். ஆஸ்பத்திரியில் ஆன்மிகப் பணியாளர் இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள், நோயாளிக்கு எண்ணெய் பூசி வேண்டும் நோயில்பூசுதல் பற்றியும் கேளுங்கள். அது சாகப்போகிறவர்களுக்கு மட்டும் என்று பயந்துவிடாதீர்கள், அப்படியில்லை.

உப்புக்கல்

தளிர், எந்த நேரமாக இருந்தாலும் இங்கே எழுதுங்கள். நான் ராத்திரி விழித்திருப்பவன்.

தளிர்

ஃபாதரிடம் பேசினேன். முதலில் சாப்பிடு, அப்புறம் பேசு என்றார். நேர்ந்துகொண்டதுக்குப் பதிலாக அவனுக்குத் தினமும் படுக்கும்போது நற்செய்தியிலிருந்து ஒரு கதை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். இப்போது அவன் பாதித் தட்டு சாப்பிட்டான். நான் முழுசாக.

விளக்குத்தண்டு

இன்று ராத்திரி எங்கள் வீட்டு ஜெபத்தில் உங்கள் மகன் உண்டு, நானும் என் மனைவியும். முதல் கதைக்கு மாற்கு 5 வாசியுங்கள், யவீருவின் மகள். கடைசியில் அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று இயேசு சொல்லுவார், அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.